அழுகையை வளர்ப்பது எது? வலுவூட்டல் பற்றிச் சில திருத்தங்கள்

பி.எட். வகுப்பிலும் டெட் தேர்வுக் கையேடுகளிலும் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் பற்றிய பாடம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருகிறது. ஒரு பெட்டி, உள்ளே ஒரு எலி, அழுத்தினால் தீனி விழும் நெம்புகோல். அடுத்து நேர்மறை வலுவூட்டல், எதிர்மறை வலுவூட்டல், தண்டனை என்று மூன்று வரையறைகள். படிப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் நடுவில் இருப்பதுதான். அடிப்பது, முட்டி போட வைப்பது, விளையாட்டு நேரத்தைப் பிடுங்குவது எல்லாவற்றையும் எதிர்மறை வலுவூட்டல் என்று எழுதிவிடுகிறார்கள். அவை தண்டனை. இதில் போவது ஒரு மதிப்பெண் மட்டும் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பழக்கிக்கொள்வதில் பெரும்பங்கு எதிர்மறை வலுவூட்டலுக்குத்தான். அதைத் தண்டனை என்று நினைத்துவிட்டால் கண்ணெதிரே நடப்பதுகூடப் பிடிபடாது.

ஒரு செயலுக்குப் பின்னால் ஏதோ நடக்கிறது, அதனால் அந்தச் செயல் இனிமேல் கூடுகிறது என்றால் அது வலுவூட்டல். குறைகிறது என்றால் தண்டனை. கூடியதற்குக் காரணம் ஏதோ வந்து சேர்ந்தது என்றால் நேர்மறை, ஏதோ விலகியது என்றால் எதிர்மறை. நல்லது, கெட்டது என்ற பேச்சே இதில் கிடையாது. காரில் சீட் பெல்ட் போடும்வரை கீ கீ என்று ஒலி வருகிறது, போட்டதும் நிற்கிறது. தலைவலி வந்தால் மாத்திரை, வலி போகிறது, அடுத்த முறை கை தானாக மாத்திரையைத் தேடுகிறது. இரண்டுமே எதிர்மறை வலுவூட்டல். யாரும் யாரையும் தண்டிக்கவில்லை.

இந்த வரையறையில் ‘என்ன நோக்கத்தோடு செய்தோம்’ என்பதற்கு இடமே இல்லை. அடுத்தடுத்த நாட்களில் செயல் கூடியதா, குறைந்ததா என்பது மட்டும்தான் கணக்கு. ஆசிரியர்களுக்கு இதைக் காட்ட 1968-இல் வெளியான ஓர் ஆய்வைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அமெரிக்காவில் சார்லஸ் மேட்சன், வெஸ்லி பெக்கர் ஆகியோரின் குழு ஒரு முதல் வகுப்பில் இரண்டு ஆசிரியைகளோடு செய்தது. பிள்ளைகள் இருக்கையை விட்டு எழும்போதெல்லாம் ‘உட்கார்’ என்று சொல்வதை ஆசிரியைகள் அதிகமாக்கினார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, எழுந்து நிற்பதும் கூடியது. சொல்வதைக் குறைத்து, உட்கார்ந்து வேலை செய்கிற பிள்ளைகளைப் பாராட்டியபோது எழுவது குறைந்தது. ‘உட்கார்’ என்றதும் அந்தப் பிள்ளை அந்த நொடியில் உட்கார்ந்துவிடுவதால் ஆசிரியைக்கு அது வேலை செய்வதாகத் தெரிகிறது. ஆனால் டீச்சரின் பார்வையும் குரலும் பிள்ளைக்குக் கிடைத்தது எழுந்ததற்காகத்தான். அந்த நொடியைப் பார்க்காமல் அடுத்த வாரத்தைப் பாருங்கள் என்று ஆசிரியர் பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

இனி சாப்பாட்டு நேரத்துக்கு வருவோம். மூன்று வயதுக் குழந்தை, தட்டில் சோறு, எதிரே அம்மா. குழந்தை செல்போன் கேட்கிறது. ‘சாப்பிட்டு முடி, அப்புறம்.’ சிணுங்கல். ‘இல்லைன்னா இல்லை.’ அழுகை. இரண்டு நிமிடம் ஆகிறது, குரல் ஏறுகிறது, தட்டைத் தள்ளுகிறது. அடுத்த அறையிலிருந்து தாத்தா, ‘பிள்ளையை ஏம்மா அழ வைக்கிற, குடுத்துத் தொலையேன்’ என்கிறார். செல்போன் வருகிறது. அழுகை நிற்கிறது. சோறும் உள்ளே போகிறது.

இந்த ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டவர்கள் இருவர். குழந்தை அழுதது, செல்போன் வந்தது: நேர்மறை வலுவூட்டல். அம்மா செல்போனைக் கொடுத்தார், காதைக் கிழித்த சத்தம் நின்றது: எதிர்மறை வலுவூட்டல். நாளைக்குக் குழந்தை அழுவதும் கூடும், அம்மா கொடுப்பதும் கூடும். ஒரேகன் மாநிலத்தில் குடும்பங்களின் வீட்டுக்கே ஆட்களை அனுப்பி, பேச்சையும் செயலையும் வரிசையாகக் குறித்து ஆராய்ந்த ஜெரால்ட் பேட்டர்சன் இந்த இரட்டைப் பிடியைத்தான் விளக்கினார். பெற்றோரைச் ‘செல்லம் கொடுத்துக் கெடுப்பவர்கள்’ என்று திட்டுவது இதனால்தான் பயன்படுவதில்லை. அவர்களும் அதே விதிக்குள்தான் இருக்கிறார்கள். சத்தம் நிற்பது என்ற பரிசு அவர்களுக்கு உடனே கிடைக்கிறது, விலை மெதுவாக வருகிறது.

‘நான் எப்போதும் கொடுப்பதில்லை, என்றைக்காவது ஒருநாள்தான்’ என்பது அடுத்த தவறான நம்பிக்கை. என்றைக்காவது கொடுப்பது, எப்போதும் கொடுப்பதைவிடப் பிடிவாதத்தை உறுதியாக்கும். இது தெரியவந்த விதமே சுவையானது. ஸ்கின்னர் எலிகளுக்கான தீனி உருண்டைகளைத் தானே உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை பிற்பகல், இருப்பில் உள்ளது திங்கள் காலைக்குள் தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் தீனி போடாமல், நிமிடத்துக்கு ஒன்று என்று குறைத்துப் பார்த்தார். எலிகள் அழுத்துவதை விடவில்லை, சீரான வேகத்தில் தொடர்ந்தன. 1956-இல் எழுதிய கட்டுரையில் இதை அவரே சொல்கிறார். தீனி போடும் கருவி ஒருமுறை சிக்கிக்கொண்டதால்தான், தீனி நின்றுபோனால் அழுத்துவது எப்படிக் குறைந்து அடங்கும் என்ற வளைகோடும் முதன்முதலில் அவர் கைக்கு வந்தது. பின்னர் 1957-இல் சார்லஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து வெளியிட்ட பெரிய தொகுப்பு முழுக்க, எப்போது எத்தனை முறைக்கு ஒருமுறை தீனி போட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான்.

அதில் நமக்கு வேண்டிய செய்தி இது. ஒவ்வொரு முறையும் கிடைத்துவந்த ஒன்று நின்றால், நின்றது சட்டென்று தெரிந்துவிடும், செயலும் சீக்கிரம் அடங்கும். எப்போதாவது கிடைத்துவந்தது நின்றால், நின்றுவிட்டதா, இன்னும் கொஞ்சம் முயன்றால் வருமா என்று பிரித்தறிய வழியில்லை. அதனால் முயற்சி நீண்டுகொண்டே போகும். சூதாட்ட இயந்திரம் ஆட்களை உட்காரவைப்பதும் இப்படித்தான். வாரத்தில் நான்கு நாள் உறுதியாக மறுத்து, ஐந்தாம் நாள் விட்டுக்கொடுக்கும் வீட்டில், குழந்தை கற்றுக்கொள்வது ‘கிடைக்காது’ என்பதை அல்ல, ‘விடாமல் அழு’ என்பதை.

விட்டுக்கொடுக்கும் நேரமும் முக்கியம். பதினைந்தாவது நிமிடத்தில், அழுகை உச்சத்தில் இருக்கும்போது கொடுத்தால், பலன் போய்ச்சேர்வது அந்த உச்சத்துக்கு. அடுத்த முறை ஆரம்பமே அங்கிருந்துதான். படிப்படியாகக் கடினமான செயலைப் பழக்குவதற்கு ஸ்கின்னர் புறாக்களிடம் பயன்படுத்திய முறைதான் இது, தெரியாமல் செய்கிறோம். ஆகவே அன்றைக்கு உடம்புக்கு முடியவில்லை, விருந்தாளி இருக்கிறார்கள், தாக்குப்பிடிக்க முடியாது என்று தெரிந்தால், குழந்தை முதல் தடவை நல்ல குரலில் கேட்கும்போதே கொடுத்துவிடுங்கள். அது தோல்வி அல்ல. மறுத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கொடுப்பதுதான் கெடுதல்.

பலன் கிடைப்பதை முழுவதுமாக நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கார்ல் வில்லியம்ஸ் 1959-இல் வெளியிட்ட சிறு அறிக்கையை இன்றும் படிக்கலாம். 21 மாதக் குழந்தை. பிறந்து முதல் 18 மாதம் கடுமையாக நோயுற்றிருந்ததால் வீட்டார் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். உடம்பு தேறிய பின்னும், தூங்க வைக்க ஒருவர் அறையில் இருந்தே ஆக வேண்டும். தினமும் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை. உட்கார்ந்திருப்பவர் புத்தகத்தைத் திறந்தால்கூட, அதைக் கீழே வைக்கும்வரை குழந்தை அழும். உடலில் கோளாறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, நிதானமாகப் படுக்க வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியேறுவது, மறுபடி உள்ளே போகாமல் இருப்பது என்று முடிவெடுத்தார்கள். முதல் நாள் 45 நிமிட அழுகை. இரண்டாம் முறை அழவே இல்லை. முதல் நாள் களைப்பாக இருக்கலாம் என்கிறார் வில்லியம்ஸ். மூன்றாம் முறை மறுபடி கொஞ்சம் அழுகை. பத்தாம் முறைக்குள் சிணுங்கல்கூட இல்லை, பெரியவர் வெளியேறும்போது குழந்தை சிரித்தது.

ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து ஒருநாள் அத்தையோ சித்தியோ படுக்க வைத்தார். அவரும் அந்த வீட்டில் முறைவைத்துத் தூங்க வைப்பவர்தான். குழந்தை கத்தியது. மனசு கேட்காமல் உள்ளே போய், தூங்கும்வரை இருந்துவிட்டார். அவ்வளவுதான், பழையபடி முதல் நாள் அளவுக்கு அழுகை. எல்லாவற்றையும் இரண்டாம் முறை முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. ஒன்பதாம் முறையில் மீண்டும் அடங்கியது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. மூன்றே முக்கால் வயதில் அந்தக் குழந்தை எல்லாரோடும் கலகலப்பாகப் பழகுவதாக வில்லியம்ஸ் பதிவு செய்திருக்கிறார். ஒரே ஒரு குழந்தை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது, எனவே இதை நிரூபணமாகக் கொள்ளக் கூடாது. ஆனால் ஒரு வீட்டில் ஒரே ஒருவர் ஒரே ஒரு நாள் மாறினால் என்ன நடக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. கூட்டுக்குடும்பங்களில் ஆலோசனை பலிக்காமல் போகும் இடமும் இதுதான். பாட்டி, தாத்தா, பெரியம்மா எல்லாரையும் உட்கார வைத்துப் பேசாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

பலனை நிறுத்தினால் அழுகை முதலில் கூடித்தான் பிறகு குறையும் என்று பல கையேடுகள் விதியாகவே எழுதுகின்றன. டோரதியா லெர்மனும் பிரையன் இவாடாவும் 1995-இல், இப்படிப் பலனை நிறுத்திய 113 பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் கூடியது 24 சதவீதத்தில்தான். நிறுத்துவதை மட்டும் செய்த இடங்களில் 36 சதவீதம், வேறு வழிமுறையும் சேர்ந்திருந்த இடங்களில் 12 சதவீதம். அதாவது அழுகைக்குக் கிடைத்ததை நிறுத்துவதோடு, வேறொரு நல்ல செயலுக்கு அதே பலன் கிடைக்க வழி செய்தால் புயலின் வாய்ப்பு பெரிதும் குறைகிறது. ‘கண்டுகொள்ளாதே’ என்று மட்டும் சொல்லி அனுப்பும் அறிவுரை பாதி அறிவுரைதான்.

ஆகவே சாப்பாட்டு நேரத்தில் செய்ய வேண்டியது ஏறக்குறைய இப்படி அமையும். மாற்றம் எதையும் செய்யாமல் முதலில் ஒரு வாரம் எழுதுங்கள். நோட்டில் மூன்று பத்தி: அழுகைக்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, உடனே என்ன நடந்தது. ‘அடம் பிடித்தான்’ என்று எழுதக் கூடாது. ‘தட்டைத் தள்ளினான், நான்கு நிமிடம் அழுதான்’ என்று கண்ணால் பார்த்ததை, நிமிடக் கணக்கோடு எழுத வேண்டும். இந்த எண்ணிக்கை இல்லாவிட்டால், மூன்றாம் வாரம் பாதியாகக் குறைந்திருந்தாலும் ‘ஒண்ணும் மாறலையே’ என்றுதான் தோன்றும். அடுத்து, குழந்தை உட்காரும் முன்பே செல்போன் எல்லாருடையதும் கண்ணில் படாத இடத்துக்குப் போக வேண்டும். சாப்பாட்டுக்குச் சற்று முன் பிஸ்கட், பால் வேண்டாம், பசி இருக்கட்டும். இருபது, முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடலாம், ஊட்டித் திணிக்க வேண்டாம். முதல் வாய் எடுத்து வைத்ததும் உங்கள் பேச்சும் சிரிப்பும் கதையும் அந்த நொடியே குழந்தைக்குப் போக வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்த பாராட்டு, இடையில் நடந்த வேறெதற்கோ போய்ச் சேரும்.

கேட்டு அழத் தொடங்கினால், ‘சாப்பாட்டு நேரத்தில் செல்போன் கிடையாது’ என்று ஒரே ஒரு முறை, சாதாரணக் குரலில். அதன் பிறகு விளக்கம், கெஞ்சல், மிரட்டல் மூன்றும் வேண்டாம், ஏனென்றால் மூன்றும் கவனம்தான். பக்கத்திலேயே இருங்கள், நீங்கள் சாப்பிடுங்கள். அழுகை சில நொடி ஓய்ந்ததும் பேச்சை மறுபடி தொடங்குங்கள், முழுவதும் அடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சில நாள் அமைதிக்குப் பிறகு திடீரென ஒருநாள் பழைய அழுகை திரும்பலாம். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லாவ் தன் நாய்களிடமே பார்த்து எழுதிய ஒன்று இது, அடங்கிய துலங்கல் (பழகிய எதிர்வினை) இடைவெளி விட்டுத் தானாக மீள்வது. அன்றைக்குக் கலங்கி செல்போனைக் கொடுத்துவிடாமல் இருந்தால், அது முந்தையதைவிடச் சிறியதாகவே அடங்கும்.

பாவ்லாவ் என்றதும் எல்லாருக்கும், மணியோசை கேட்டு நாய்க்கு எச்சில் ஊறிய கதைதான் நினைவுக்கு வரும். அவருடைய ஆய்வகத்தில் அதிகம் பயன்பட்டது தாளக் கருவியான மெட்ரோனோம், அத்துடன் பஸ்ஸர், விளக்கு, தோலில் தொடுதல் போன்றவை. 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் செரிமான ஆய்வுக்காகத்தான். அதே போல, ஸ்கின்னர் தன் மகளைப் பெட்டியில் அடைத்துச் சோதனை செய்தார் என்ற கதையும் பொய். அவர் செய்தது, வெப்பமும் காற்றும் சீராக இருக்கும்படி கண்ணாடி முகப்பு வைத்த ஒரு தொட்டில். அதில் நெம்புகோலும் இல்லை, தீனியும் இல்லை.

எல்லா அழுகையும் செல்போனுக்காக அல்ல என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே செயல் இரண்டு பிள்ளைகளிடம் வெவ்வேறு பலனுக்காக நடக்கலாம். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் 152 பேரை இவாடாவின் குழு சோதித்து 1994-இல் வெளியிட்ட முடிவில், பெரிய பிரிவு, 38 சதவீதம், ஏதோ ஒரு வேலையிலிருந்தோ கட்டளையிலிருந்தோ தப்பிப்பதற்காக அப்படிச் செய்தது. கவனமோ பொருளோ கிடைப்பதற்காகச் செய்தவர்கள் 26 சதவீதம். இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்து பாருங்கள். கணக்கு வராத பிள்ளை கணக்கு வகுப்பில் கலாட்டா செய்கிறான், ‘வெளியே போய் நில்’ என்கிறார் ஆசிரியர். அவனுக்கு அது தண்டனையே இல்லை, கணக்கிலிருந்து விடுதலை. நாளையும் செய்வான். அந்தப் பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும் அதே கதைதான், ஏனென்றால் கேட்பது கவனத்தை அல்ல. அங்கே கணக்கை எளிய துண்டுகளாக்கிக் கொடுப்பதும், ‘புரியல டீச்சர்’ என்று கேட்டால் திட்டாமல் உதவுவதும்தான் மருந்து. நோட்டில் எழுதிய மூன்று பத்தி இதைக் கண்டுபிடிக்கத்தான்.

சில மாதக் கைக்குழந்தையின் அழுகைக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது, தூக்கத்தான் வேண்டும். காய்ச்சல், காதுவலி, பயம், தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் செயல் இவற்றையும் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. குழந்தை எடை குறைந்தாலோ, சில உணவு வகைகளைத் தவிர வேறெதையும் தொடாவிட்டாலோ, முதலில் குழந்தை மருத்துவர்.

அடியைப் பற்றி. அடித்தால் அந்த நொடியில் நிற்கும். அதனால்தான் அடிக்கும் பழக்கம் பெரியவரிடம் வேரூன்றுகிறது. அதுவும் எதிர்மறை வலுவூட்டலே, அடித்தவருக்கு. ஒரு செயல் நிலைப்பதும் மறைவதும் அதன் விளைவைப் பொறுத்தது என்ற, உளவியலாளர் தார்ன்டைக்கின் விளைவு விதியில் பரிசும் தண்டனையும் தராசின் இரு தட்டு போலப் பாடங்களில் வருகின்றன. 1930-களில் அவரே அதைத் திருத்தினார், தண்டனைக்கு அவ்வளவு பலம் இல்லை என்று. எதைச் செய்யக் கூடாது என்பதைத் தண்டனை காட்டலாம், எதைச் செய்வது என்பதைக் காட்டாது. அடித்தவர் இல்லாத இடத்தில் செயல் திரும்பும். எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கேய்லரும் 2016-இல் 75 ஆய்வுகளை, ஏறத்தாழ 1,61,000 குழந்தைகளின் தரவைத் தொகுத்தார்கள். பார்த்த 17 விளைவுகளில் 13-இல் அடி கெடுதலோடுதான் தொடர்புபட்டிருந்தது, நன்மையோடு எதிலும் இல்லை. தொடர்பு வேறு, காரணம் வேறு என்பது உண்மை. அடங்காத பிள்ளைக்கு அடி அதிகம் விழும் என்ற எதிர்த்திசையும் இதில் கலந்திருக்கும். அப்படியே வைத்தாலும் அடியால் நன்மை என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. பள்ளியைப் பொறுத்தவரை பேச்சுக்கே இடமில்லை, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் பரிசா என்று கேட்பார்கள். அழுகைக்கு நடுவே ‘நிறுத்து, சாக்லேட் தரேன்’ என்பது அழுகைக்குக் கொடுத்த கூலி. அதே சாக்லேட், அழாமல் சாப்பிட்டு முடித்த பிறகு வந்தால் வேறு பலன். பிள்ளை ஏற்கெனவே விரும்பிச் செய்வதற்குப் பரிசை அறிவிக்கக் கூடாது என்பது இன்னொன்று. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973-இல், ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஆர்வமுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, சும்மா விளையாடும் நேரத்தில் யார் பேனாவை எடுக்கிறார்கள் என்று பார்த்தால், முன்பே பரிசு அறிவித்த பிரிவு தன் நேரத்தில் 8.6 சதவீதம்தான் வரைந்தது. ஒன்றும் பெறாத பிரிவு 16.7, எதிர்பாராமல் பெற்ற பிரிவு 18.1.

தானாகப் புத்தகம் எடுத்துப் படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று பேசாதீர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே தயங்கும் பிள்ளைக்கு, முதல் சில வாரம் சிறு பரிசு வைப்பதில் தவறில்லை. படிப்பே ருசிக்கத் தொடங்கியதும் பரிசை இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரத்துக்கு ஒருமுறை என்று மெல்ல விலக்கலாம். பாராட்டும்போதும் ‘குட் பாய்’ போதாது. ‘மூணு வரியை நிறுத்தாம படிச்சிட்ட’ என்று, பிள்ளை செய்த செயலின் பெயரைச் சொல்லுங்கள்.